பெயரை மறைத்து எழுதிய பேனா

புனைபெயரில் எழுதுவது தமிழ் எழுத்துலகுக்குப் புதிதன்று. நம் எழுத்தாளர்கள் பலர் விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயர்களே இன்று நிலைத்துவிட்டன. ஆனால், பிழைப்புக்காகத் தன் பெயரை மறைத்தே ஆக வேண்டிய நிலை ஓர் எழுத்தாளருக்கு வந்தால்? அமெரிக்க எழுத்தாளர் டால்டன் டிரம்போவின் வாழ்க்கையைப் படித்தபோது என்னுள் எழுந்த கேள்வி இது.

1905ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் பிறந்தவர் டிரம்போ. தந்தை இறந்த பிறகு குடும்பச் சுமை அவர் தோளில் விழுந்தது. லாஸ் ஏஞ்சல்சில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்தார். அதற்கிடையிலும் எழுதிக்கொண்டே இருந்தார். முதல் நாவல் 1935இல் வெளிவந்தது. 1939இல் வந்த 'ஜானி காட் ஹிஸ் கன்' அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. போரில் கை, கால், கண், காது, வாய் அனைத்தையும் இழந்து, நினைவு மட்டும் எஞ்சிய ஓர் இளம் வீரனின் கதை அது.

திரைக்கதையிலும் அவர் கைதேர்ந்தவரானார். 'கிட்டி ஃபாயில்' (1940) படத்திற்காக ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஹாலிவுட்டில் அதிக ஊதியம் பெற்ற எழுத்தாளர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

1947இல் எல்லாம் தலைகீழானது. கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரை அழைத்தது. கட்சி உறுப்பினரா என்ற கேள்விக்குப் பதில் கூற மறுத்தார். அவ்வாறு மறுத்த பத்துப் பேரையும் ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 1950இல் சிறை சென்றார். ஏறக்குறைய பத்து மாதங்கள் அங்கே கழிந்தன.

அதன்பின் குறைந்த கூலிக்கு, பல பெயர்களில் எழுதினார். 'ரோமன் ஹாலிடே' (1953) கதைக்கான ஆஸ்கார், பெயர் இரவல் தந்த நண்பர் இயன் மெக்லெல்லன் ஹண்டருக்குச் சென்றது. 1957இல் 'தி பிரேவ் ஒன்' கதைக்காக ராபர்ட் ரிச் என்ற பெயர் விருது மேடையில் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவரும் டிரம்போதான். அவரால் மேடையேற முடியவில்லை.

1960இல் 'எக்ஸோடஸ்', 'ஸ்பார்டகஸ்' படங்களில் அவர் பெயர் மீண்டும் திரையில் தோன்றியது. 'தி பிரேவ் ஒன்' விருது 1975இல்தான் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே காலமானார். 'ரோமன் ஹாலிடே' விருதை 1993இல் அவர் மனைவி கிளியோ பெற்றுக்கொண்டார்.

என்னைக் கவர்ந்தவை அந்த விருதுகள் அல்ல. பெயர் இல்லை என்றான பிறகும் எழுத்தின் தரத்தை அவர் தாழ்த்தவில்லை என்பதே என்னைக் கவர்ந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசியப் பள்ளிக்குச் சென்றவன் நான். தமிழில் எழுதினால் யார் படிப்பார் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. உங்களிடமும் கேட்டிருப்பார்கள். நண்பர்களே, நம் பெயரை யாரும் தடை செய்யவில்லை. சொந்தப் பெயரிலேயே எழுதலாம். பிறகு ஏன் தயக்கம்?