செவிச்செல்வர் லியோ ஃபெண்டர்

நுழையும்முன்

பள்ளி ஆண்டுவிழா மேடையில் மின்கிட்டார் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அக்கருவியைக் கடையில் வாங்குவோர் பலர். உதிரிப் பாகங்களை ஒரு பெட்டியாக வாங்கி, தம் கையாலேயே பூட்டி உருவாக்குவோரும் உளர். தேர்ந்த தச்சர் அல்லாதவரும் ஓர் இசைக்கருவியைச் செய்துவிட இயலும் என்னும் நிலை எவ்வாறு வந்தது? அதற்கு வழி வகுத்தவர்களுள் முதன்மையானவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

பெட்டியில் வந்த உலகம்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த உழவர் குடும்பத்தில் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 ஆம் நாள் லியோ ஃபெண்டர் பிறந்தார். எட்டாம் வயதில் கண்ணில் தோன்றிய கட்டியால் ஒரு கண்ணை இழந்தார். அவ்விடத்தில் கண்ணாடிக் கண் பொருத்தப்பட்டது.

லியோவின் உறவினர் ஒருவர் மோட்டார் வண்டிகளுக்கான மின்பணிக் கடை நடத்தி வந்தார். லியோவுக்கு 13 வயதானபோது அவர் ஒரு பெட்டியை அனுப்பினார். அதில் கழித்துப் போட்ட வானொலி உறுப்புகளும் ஒரு மின்கலமும் இருந்தன. மறுஆண்டு அவரது கடைக்குச் சென்ற சிறுவன், உதிரி உறுப்புகளால் அமைத்த வானொலி ஒன்று கடைவாயிலில் உரக்கப் பாடுவதைக் கேட்டு வியந்து நின்றான். சிதறிக் கிடக்கும் உறுப்புகளை முறையாகச் சேர்த்தால் அவை பாடும் என்பதை அன்று கண்டுகொண்டான். அன்றுமுதல் வானொலிகளைப் பிரிப்பதும் பூட்டுவதும் அவனுக்கு விருப்பமான பொழுதுபோக்காயின.

வேலை போயிற்று, கடை பிறந்தது

கல்லூரியில் லியோ பயின்றது மின்னியல் அன்று, கணக்கியல். கணக்கராகவே பணியாற்றினார். 1930களில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டியது. லியோவும் வேலை இழந்தார். 1938 ஆம் ஆண்டு 600 டாலர் கடன் பெற்று, ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் தொடங்கினார்.

அக்கடைக்கு வானொலிகள் மட்டும் வரவில்லை. நடன அரங்குகளில் இசைத்த கலைஞர்கள் தம் ஒலிபெருக்கிகளையும் கிட்டார்களையும் கொண்டுவந்தனர். லியோ இளமையில் பியானோவும் சாக்சஃபோனும் கற்றவர். கிட்டார் வாசிக்க ஒருபோதும் கற்றாரல்லர். ஆதலால் கருவியின் குறையை அவர் வாசித்து அறிய இயலவில்லை. வாசிப்போரிடம் கேட்டே அறிந்தார். இக்குறைபாடே அவரது பெரும்பலமாக மாறியது.

பலகையில் பிறந்த ஒலி

அக்காலக் கிட்டார்களின் உடற்பகுதி பெட்டிபோல் உள்ளீடற்றது. அதன் ஓசை கூட்டத்தின் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோகும். ஆகவே, நரம்புகளின் அடியில் பிக்கப் என்னும் கருவியைப் பொருத்தினர். காந்தத்தைச் சூழ மெல்லிய செப்புக்கம்பியைச் சுற்றினால் பிக்கப் கிடைக்கும். எஃகு நரம்பு அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் செப்புச்சுருளில் சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பேரொலியாக்குகிறது.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. ஒலியை மிகுதியாக்கினால், அவ்வொலியே கிட்டாரின் உள்ளீடற்ற உடலை அதிரச் செய்து ஊளையிடும். உடல் கெட்டியான மரமாயின் இவ்விடர் பெரிதும் குறையுமன்றோ?

1940களின் முற்பகுதியில் லியோவும் அவர்தம் நண்பர் டாக் காஃப்மனும் ஒரு பிக்கப்பைச் சோதித்துப் பார்க்க விரும்பினர். கெட்டியான மரத்துண்டு ஒன்றில் அதனைப் பொருத்தி நரம்பு பூட்டினர். அழகற்ற அக்கருவி விற்பனைக்காகச் செய்யப்பட்டதன்று. ஆனால் அதன் தெளிவான ஒலியைக் கேட்ட உள்ளூர்க் கலைஞர்கள் அதனை இரவல் பெற்றுச் செல்ல முறை வைத்துக் காத்திருந்தனர். கலைஞர்களின் விருப்பம் எது என்பது லியோவுக்குப் புலனாயிற்று.

நான்கு திருகாணிகள்

கெட்டியான உடல்கொண்ட கிட்டாரை வேறு சிலரும் அக்காலத்தில் செய்து பார்த்தனர். லியோவின் தனித்தன்மை, அதனை எவ்வாறு செய்தார் என்பதில் உள்ளது. மரபான கிட்டாரில் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டிவிடுவர். கழுத்து பழுதானால் தேர்ந்த கைவினைஞரே அதனைப் பிரித்தெடுக்க இயலும். பழுதுபார்த்துப் பழகிய லியோ, கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலோடு இணைத்தார். திருகாணிகளைக் கழற்றினால் பழைய கழுத்து வெளிவரும்; புதிய கழுத்தைப் பொருத்தலாம். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே செய்யப்பட்டு, இறுதியில் ஒன்றாகப் பூட்டப்பட்டது.

1950 ஆம் ஆண்டு இவ்வகைக் கிட்டார்கள் விற்பனைக்கு வந்தன. ஆனால் முதல் முயற்சி முழுமையாக வெல்லவில்லை. கிட்டாரின் ஆறு நரம்புகளும் சேர்ந்து, 40 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டாற்போலக் கழுத்தை இழுக்கும். உறுதிமிக்க மேப்பிள் மரமே அவ்விழுவிசையைத் தாங்கும் என லியோ நம்பினார். நம்பிக்கை பொய்த்தது. தொடக்கத்தில் விற்ற கருவிகள் சிலவற்றின் கழுத்துகள் வளைந்தன. கருவிகள் திரும்பி வந்தன. லியோ தம் கருத்தைப் பிடிவாதமாகப் பற்றி நிற்கவில்லை. கழுத்தினுள் எஃகுக் கம்பி ஒன்றைப் பதித்து, வளைவைச் சீர்செய்ய வழி கண்டார்.

அடுத்துப் பெயரில் சிக்கல் எழுந்தது. பிராட்காஸ்டர் எனத் தாம் சூட்டிய பெயரை ஒத்த பெயரில் வேறொரு நிறுவனம் முரசுகளை விற்று வந்தது. எனவே சிலகாலம் அப்பெயரை வெட்டி நீக்கிய ஒட்டுத்தாள்களுடனேயே கிட்டார்கள் வெளிவந்தன. தொலைக்காட்சி பரவத் தொடங்கிய அக்காலத்திற்கேற்ப, 1951 இல் டெலிகாஸ்டர் என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டது.

கேட்டார், மாற்றினார்

ஆளுயரப் பேஸ் கருவியைச் சுமந்து திரிந்த கலைஞர்களின் துன்பத்தை உணர்ந்த லியோ, தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின்பேஸ் கிட்டாரை 1951 இல் உருவாக்கினார். கிட்டாரின் கூர்விளிம்பு மார்பில் உறுத்துகிறது என்று வாசிப்போர் குறை கூறினர். 1954 இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விளிம்புகள் உடலோடு இயைந்து வளைந்திருந்தன. இடக்கைப் பழக்கமுடைய ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், வலக்கையாளருக்குரிய இக்கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசித்து உலகப்புகழ் பெற்றார்.

உடல்நலம் குன்றியதால் 1965 இல் லியோ தம் நிறுவனத்தை 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். அத்தொகை வாழ்நாள் முழுவதும் போதுமானது. எனினும் உடல்நலம் தேறியபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. புதிய நிறுவனங்களில் பங்கேற்று மீண்டும் கருவிகளை உருவாக்கினார். நடுக்குவாத நோய் வாட்டியபோதும் பட்டறைக்குச் சென்றுவந்தார். 1991 மார்ச் 21 ஆம் நாள், தம் 81 ஆம் வயதில் மறைந்தார்.

இன்று முதன்முதலாகக் கிட்டார் செய்ய முனையும் இளையோர் பலருக்குக் கிடைக்கும் பெட்டியில் உடல், கழுத்து, பிக்கப், திருகாணிகள் ஆகியன தனித்தனியே இருக்கும். அவர்கள் கழுத்தைத் திருகாணிகளால் இறுக்குகின்றனர். மின்கம்பிகளை ஈயம் உருக்கிப் பற்றவைக்கின்றனர். நரம்பு பூட்டிச் சுருதி சேர்க்கின்றனர். முதல் நாளிலேயே கருவி இனிமையாக ஒலிப்பது அரிது. ஆனால் எந்த உறுப்பையும் கழற்றித் திருத்தி மீண்டும் பூட்டலாம். சிறுவன் லியோவுக்கு ஒரு பெட்டி வந்தது. பெரியவரான லியோ, பிறர் தம் பெட்டியைத் திறந்து தொடங்குவதற்கு வழி அமைத்துச் சென்றார்.

சொல்லும் பொருளும்

செவிச்செல்வம் – கேட்டலால் பெறும் அறிவு
உள்ளீடற்ற – உள்ளே வெறுமையான
இடர் – துன்பம், இடையூறு
இழுவிசை – இழுக்கும் ஆற்றல்
பொய்த்தது – உண்மையாகாது போயிற்று
இயைந்து – பொருந்தி

சிந்தித்து விடை எழுதுக

1. கழுத்தைத் திருகாணிகளால் இணைத்ததன் பயன் யாது?
2. கெட்டியான மரத்தால் உடற்பகுதியைச் செய்ததற்குக் காரணம் என்ன?
3. கழுத்துகள் வளைந்து கருவிகள் திரும்பி வந்தபோது லியோ என்ன செய்தார்? அதிலிருந்து அவரது எப்பண்பு புலனாகிறது?
4. கிட்டார் வாசிக்கத் தெரியாமை லியோவுக்கு எவ்வாறு பலமாயிற்று?
5. உங்கள் வீட்டில் பழுது நீக்கிப் பயன்படுத்தும் பொருள் ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.