களிமண்ணின் கணக்கைக் கண்டவர்: பேராசிரியர் துரைராஜா

இலங்கைத் தமிழரின் அறிவு வரலாற்றைப் பேசுங்கால் புலவர்களையும் உரையாசிரியர்களையும் பதிப்பாசிரியர்களையும் முதலில் எண்ணுதல் நம்மிடையே மரபாகிவிட்டது. அம்மரபு தவறன்று. ஆயினும், உலகப் பொறியியலாளர் கையாளும் ஒரு விதிக்கு அடிகோலிய தமிழர் ஒருவரின் பெயரை நம் மாணவர் பலர் அறியாதிருத்தல் குறையேயாகும். அவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. கண்டியை அடுத்த பேராதனையிற் பொறியியல் கற்பித்த அவர், களிமண் என்னும் எளிய பொருளின் இயல்பைத் துலக்கியவர்.

வடமராட்சியைச் சேர்ந்த குடும்பமொன்றில் 1934 நவம்பர் 10 ஆம் நாள் அவர் பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகம் புகுந்து, 1957 இல் குடிசார் பொறியியலில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். 1950 இல் தொடங்கப்பெற்ற பொறியியற் பீடம் அப்பொழுது கொழும்பில் இருந்தது. 1964 இலேயே அது பேராதனைக்குப் பெயர்ந்தது.

பொறியியல் மாணவன் தொடக்கத்திலேயே காணும் சோதனை, உருக்குக் கம்பியை இழுத்துப் பார்ப்பதாகும். பாரம் ஏற ஏறக் கம்பி நீளும். ஓர் எல்லைக்குட் பாரத்தை நீக்கினால் பழைய அளவுக்கு மீளும். இதுவே மீள்தன்மை. நீட்சி பாரத்துக்கேற்ப அமையும் என்பதை ரொபேட் ஹுக் 1678 இல் விளக்கினார். எல்லை கடந்தால் கம்பி நிரந்தரமாக நீண்டுவிடும். மீளும் பகுதியில் நாம் செய்த வேலை கம்பிக்குட் சக்தியாகச் சேமிக்கப்படுகின்றது. மீளாத பகுதியிற் செய்த வேலை பெரும்பாலும் வெப்பமாகி இழக்கப்படுகின்றது.

மண்ணின் நிலை இவ்வளவு எளிதன்று. நுண்ணிய துணிக்கைகளும் அவற்றிடையே நீரும் சேர்ந்ததே ஈரக் களிமண். அமுக்கினால் நீர் வெளியேறி அது சுருங்கும். நீர் வெளியேற வழியில்லையேல் நீரின் அமுக்கம் உயர, துணிக்கைகள் ஒன்றையொன்று தாங்கும் அமுக்கம் குறையும். மண்ணின் வலிமையை நிர்ணயிப்பது பின்னைய அமுக்கமே என்பதைக் கார்ல் தெர்சாகி 1920களில் நிலைநாட்டினார். ஆனால் மண் இறுகுவதையும் நழுவுவதையும் ஒரே விதிக்குள் அடக்கும் வழி நெடுங்காலம் புலப்படவில்லை.

அவ்வினாவை ஆராய்ந்துகொண்டிருந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குத் துரைராஜா கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகச் சென்றார். அங்கு கென்னத் ரொஸ்கோவின் குழுவினர், போதிய அளவு உருத்திரிந்த மண் பருமன் மாறாமலே நழுவிக்கொண்டிருக்கும் ஓர் அவதிநிலையை அடையும் என்னும் கருத்தை 1958 இல் வெளியிட்டிருந்தனர். துரைராஜா கேயோலின் எனும் வெண்களியையும் மணலையும் சோதித்தார். உருளை வடிவான மண் மாதிரியை மெல்லிய இறப்பர் உறையிலிட்டு, நீர் நிரம்பிய கலத்தில் வைத்து, சுற்றிலும் அமுக்கி, மேலிருந்து பாரமேற்றுவது ஒரு சோதனை முறை. பாரம், குறுகும் அளவு, உள்நீரின் அமுக்கம் ஆகியவற்றைப் படிப்படியாகக் குறித்துச் செல்லல் வேண்டும்.

இவ்வளவுகளைக் கொண்டு அவர் சக்தியின் வரவு செலவுக் கணக்கொன்றை வகுத்தார். புறத்தேயிருந்து செய்யப்பட்ட வேலை எவ்வளவு? அதில் மண்ணின் மீள்தன்மையாற் சேமிக்கப்பட்டதோ விடுவிக்கப்பட்டதோ எவ்வளவு? அதனைத் தள்ளிய பின் உராய்விற் கரைந்துபோனது எவ்வளவு? விடை வியப்பூட்டுமளவுக்கு எளிமையாய் இருந்தது. துணிக்கைகள் தாங்கும் சராசரி அமுக்கம், நழுவலின் அளவு, மாறாத ஓர் உராய்வெண் ஆகிய மூன்றையும் பெருக்கினால் இழந்த சக்தி கிடைத்தது. மண்ணின் பருமன் மாறும் வீதம் அவ்விழப்பைப் பாதிக்கவில்லை. மீள்சக்தியைக் கணக்கில் எடாது விட்டிருப்பின் இவ்வொழுங்கு கண்ணுக்குப் புலப்பட்டிராது.

இவ்வடிப்படையில் ரொஸ்கோ, அன்ட்ரூ ஸ்கோபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் ஈரக் களியின் நெகிழ்வு பற்றி எழுதிய கட்டுரை 1963 இல் வெளிவந்தது. அதிற் பிறந்த மாதிரிக்குக் கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயரால் கேம் களி என்று பெயர் வழங்கலாயிற்று. 1968 இல் ஸ்கோபீல்டும் பீற்றர் ரொத்தும் எழுதிய நூல் அக்கோட்பாட்டைப் பரப்பியது. மென்களி நிலத்தில் எழுப்பும் கரையொன்று எவ்வளவு தாழும் என்பதைக் கணிக்க இன்று கணினி நிரல்களிற் பயன்படும் மாதிரிகள் பல அதன் வழிவந்தவையே.

புலமை பெற்றோர் பலர் மேல்நாட்டிலேயே தங்கிவிட்ட காலம் அது. துரைராஜாவோ நாடு திரும்பினார். மகாவலிக் கரையில் அமைந்த பேராதனைப் பொறியியற் பீடத்திற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கினார். அவர் வாழ்ந்த காலத்திலேயே கண்டிச் சூழலில் மகாவலியை மறித்து 1976 இற் பொல்கொல்லை அணையும், 1985 இல் விக்டோரியா அணையும் எழுந்தன. மண்ணும் பாறையும் தாங்குமா என்பது ஏட்டு வினாவாக அன்றி ஊர்களின் வினாவாக அங்கு நின்றது. மலைநாட்டுச் சரிவு மண் ஆய்வுக்கூடத்து வெண்களி அன்று. எனினும் அடிப்படை ஒன்றே: பெருமழையில் உள்நீரின் அமுக்கம் உயர, துணிக்கைகளின் பிடி தளர, சரிவு நழுவுகின்றது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியபோது, இவ்வறிவு எத்துணை உயிர்களோடு பிணைந்தது என்பதை நாடு கண்டது.

1988 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை அவர் ஏற்றார். போர் சூழ்ந்து, மின்சாரமும் எரிபொருளும் அரிதான ஆண்டுகள் அவை. கல்வி அறுபடாது காக்கும் கடமை அவர் தோளில் விழுந்தது. அக்காலத்திலேயே, 1990 இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கப்பெற்றது. 1994 ஜூன் 11 இல், அறுபது வயது நிறையுமுன், அவர் மறைந்தார்.

ஆசிரியப் பெருமக்கள் மீள்தன்மையைக் கற்பிக்கும் நாளில் ஹுக்கின் பெயரோடு இவர் பெயரையும் மாணவர்க்குச் சொல்லலாம். சொல்வதோடு அமையாது, பிடி களிமண்ணை அவர்கள் கையிற் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் செய்யலாம். எவ்வளவு மீள்கிறது, எவ்வளவு மீளவில்லை என்று அவர்கள் அளக்கத் தொடங்குவார்களாயின், அதுவே துரைராஜாவின் ஆய்வுக்கு நாம் செய்யும் தக்க சிறப்பாகும்.