நூலகத் தந்தை எஸ்.ஆர். இரங்கநாதன்

கிணறு நிறைய நீர் இருந்தாலும் கயிறும் வாளியும் இல்லையென்றால் தாகம் தீராது. நூல்களும் அப்படித்தான். ஆயிரமாயிரம் நூல்களை வாங்கி அடுக்கிவிட்டால் மட்டும் அறிவு வளர்ந்துவிடாது. வேண்டியவர் கைக்கு, வேண்டிய நேரத்தில், வேண்டிய நூல் போய்ச் சேர வேண்டும். இந்த எளிய உண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலில் காட்டி, உலகமே கற்றுக்கொள்ளும்படி செய்தார் ஒரு தமிழர். அவரே இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இராமாமிர்தம் இரங்கநாதன்.

1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தஞ்சைத் தரணியின் சீர்காழியில் அவர் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேச்சில் திக்குவாய்க் குறையும் இருந்தது. ஆயினும் மனம் தளராமல் படித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பேசத் தடுமாறிய அவர் தேர்ந்தெடுத்த தொழிலோ ஆசிரியத் தொழில்! மங்களூரிலும் கோவையிலும் பணியாற்றிய பின், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியரானார்.

அந்நாளில் ஆசிரியர் ஊதியம் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியபோது, நண்பர்களின் தூண்டுதலால் இரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகப் பயிற்சி என்று எதுவும் அவருக்கு இல்லை. நேர்காணலுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுச் சென்றார் என்பர். வேலை கிடைத்தது. 1924 சனவரியில் பொறுப்பேற்றார்.

ஆனால் நடந்தது என்ன? வகுப்பறையின் கலகலப்பில் வாழ்ந்தவருக்கு அந்த நூலகம் தனிமைச் சிறையாகத் தோன்றியது. வாசிக்க வருவோர் மிகச் சிலரே. சில நாட்களிலேயே, மீண்டும் ஆசிரியப் பணிக்கே அனுப்பிவிடுங்கள் என்று மன்றாடினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் திரும்பி வரலாம் என்று ஆறுதல் கூறி அவரை அனுப்பி வைத்தார்கள்.

அந்தப் பயணமே அவர் வாழ்வின் திருப்புமுனை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றுகொண்டே நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே குழந்தைகளும் தொழிலாளர்களும் இல்லத்தரசிகளும் உரிமையோடு நூலகத்தில் நுழைந்து நூலெடுத்துச் செல்வதைக் கண்டார். நம் நாட்டு மக்களுக்கும் இந்த நிலை வாய்க்க வேண்டும் என்ற தாகம் அவர் உள்ளத்தில் பிறந்தது. 1925இல் தாயகம் திரும்பியவர் மாநிலக் கல்லூரிப் பக்கம் போகவே இல்லை.

அக்காலத்தில் நூல்கள் பெரும்பாலும் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. நூல் காணாமற்போனால் தன் தலையில் விழுமே என்ற அச்சத்தில் நூலகர் காவற்காரராகவே இருந்தார். இரங்கநாதன் இந்த நிலையை மாற்றினார். வாசகர்கள் தாமே அலமாரிகளுக்கிடையே சென்று நூலைத் தொட்டுப் பார்த்து எடுக்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அருகிருந்து உதவ ஆட்களைப் பழக்கினார். இருபது ஆண்டுகள் விடுமுறையே எடுக்காமல் உழைத்தார். 1936இல் கடற்கரையோரம் பல்கலைக்கழக நூலகத்திற்குப் புதிய கட்டடமும் எழுந்தது.

1931இல் அவர் வெளியிட்ட நூல், நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தது. அவற்றின் சாரம் இதுதான்: நூல் பூட்டி வைக்கும் பொருளன்று, படிக்க விரும்பும் எவரையும் வெறுங்கையோடு அனுப்பலாகாது, எந்த நூலும் வாசகரின்றி வாடலாகாது, வாசகரின் நேரம் வீணாகலாகாது, நூலகம் உயிருள்ள பொருளைப்போல் நாளும் வளர வேண்டும். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இவற்றைக் கடைப்பிடிப்பதுதான் கடினம்.

நூல்களைத் தேடி எடுக்க வேண்டுமானால் அவற்றை ஒழுங்காக வகைப்படுத்த வேண்டுமல்லவா? 1876இல் அமெரிக்கர் மெல்வில் டூயி அமைத்த முறை, எல்லாப் பொருள்களையும் பத்துப் பத்தாகப் பிரித்து முன்கூட்டியே இடம் ஒதுக்கியது. புதிய துறை தோன்றினால் எங்கே வைப்பது? லண்டன் கடையொன்றில் இரங்கநாதன் ஒரு விளையாட்டுப் பொருளைக் கண்டார். இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் புதுப்புதுப் பொம்மைகளைச் செய்து காட்டினார்கள். அதைப் பார்த்ததும் அவர் மனத்தில் மின்னல் வெட்டியது. 1933இல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது.

நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். 1980களில் மதுரை வட்டாரத்தில் மல்லிகைச் செடியின் இலைநோயைத் தடுத்தது பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். மல்லிகை ஒரு கூறு. இலை ஒரு கூறு. நோய் ஒன்று, தடுப்பு ஒன்று, மதுரை ஒன்று, காலம் ஒன்று. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு குறியீடு தந்து, இடையிடையே முக்காற்புள்ளி போன்ற குறிகளை இட்டு இணைத்துவிட்டால் நூலின் முகவரி தயார். நாளை எந்தப் புதிய துறை வந்தாலும் கூறுகளைச் சேர்த்து இடம் அமைத்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகத்தோடு அவர் பணி நின்றுவிடவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற உழைத்தார். 1931இல் மன்னார்குடி அருகே மாட்டுவண்டி நூலகம் ஒன்று சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது. அதைத் தொடங்கி வைத்தவர் அவரே. அவருடைய இடைவிடாத முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. நூலக வரி வசூலித்து மாவட்டந்தோறும் நூலகம் நடத்த அது வழி வகுத்தது. மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களில் காணும் கிளை நூலகங்களும் அந்தச் சட்டம் தந்த நிழலில் வளர்ந்தவையே.

காசிப் பல்கலைக்கழகம் அழைத்தபோது, அங்கே குவிந்து கிடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார். பின்னர் டெல்லியில் கற்பித்தார். வாழ்நாளில் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே வழங்கி, துணைவியார் சாரதாவின் பெயரால் நூலக அறிவியலுக்குப் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். 1957இல் பத்மஸ்ரீ விருதும், 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற சிறப்பும் அவரை நாடி வந்தன. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் மறைந்தார்.

இரங்கநாதன் கணிப்பொறி யுகத்தைக் காணவில்லை. ஆயினும் அவர் கருத்துகளுக்கு இன்றுதான் தேவை மிகுந்திருக்கிறது. இன்றைய பல்கலைக்கழக நூலகத்தில் அச்சிட்ட நூல்களோடு மின்னூல்கள், மின்னிதழ்கள், ஓலைச்சுவடிப் படங்கள் என்று பலவும் சேர்ந்துள்ளன. ஆய்வேடுகளை மின்வடிவிலும் ஒப்படைக்க வேண்டுமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் சோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

ஆனால் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் பணி முடிந்துவிடுமா? ஓலைச்சுவடியின் பெயரும் ஏடுகளின் வரிசையும் குறிக்கப்படாவிட்டால் அது வெறும் படக்குவியல்தான். இந்தக் கட்டுரையின் தலைவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரங்கநாதன் என்பார். இன்னொருவர் ரங்கநாதன் என்பார். மற்றொருவர் அரங்கநாதன் என்பார். கணிப்பொறிக்கோ அவர்கள் மூன்று ஆட்கள்! மூவரும் ஒருவரே என்று குறித்து வைத்தால்தான் தேடுபவருக்கு எல்லா நூல்களும் கிடைக்கும். அதைச் செய்ய அறிவும் பொறுமையும் உள்ள நூலகர் வேண்டும். பூட்டிய அலமாரி போய்விட்டது. ஆனால் சரியான பட்டியல் இல்லாத மின்தொகுப்பும் ஒரு பூட்டிய அலமாரிதான்.

அன்பு மாணவியரே! ஆகஸ்டு 12ஆம் நாளை நூலகர் நாளாக நம் நாடு கொண்டாடுகிறது. அந்த ஒரு நாளில் மட்டும் அவரை நினைத்தால் போதாது. எடுத்த நூலை எடுத்த இடத்திலேயே வையுங்கள். இடம் மாறிய நூல் தொலைந்த நூலுக்குச் சமம். தேடியது கிடைக்காவிட்டால் கூச்சப்படாமல் நூலகரைக் கேளுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களையும் ஏடுகளையும் கைப்பேசியில் படமெடுத்தால், யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று உடனே எழுதி வையுங்கள். உங்களுள் சிலர் நாளை நூலகராகவும் வரலாம். விருப்பமின்றி இத்துறைக்கு வந்த ஒருவர் உலகம் போற்றும்படி உயர்ந்தார். விரும்பி வருபவர் எவ்வளவோ சாதிக்கலாம்!