கோல்ட்டின் ரிவால்வரும் உடையும் ஸ்பிரிங்கும்

உதிரிபாகம் உடைந்தால் கடையில் வாங்கி அப்படியே பொருத்திவிடலாம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போன ஒன்று. அந்த எண்ணத்தை உலகுக்கு விற்றவர்களில் ஒருவர் சாமுவேல் கோல்ட். இயந்திரவியல் மாணவர்களுக்கு அவர் கதையைத்தான் நான் சொல்வேன். துப்பாக்கிமீது எனக்கு மோகம் இல்லை. என் அக்கறையெல்லாம் அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கில்.

கோல்ட் 1814 ஜூலை 19ஆம் தேதி அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 16 வயதில் கோர்வோ என்ற பாய்மரக் கப்பலில் ஏறிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். கப்பலில் சுழலும் பொறியைக் கண்டுதான் சுழலும் குண்டறை யோசனை பிறந்ததென்றும், அங்கேயே மரத்தில் மாதிரி செதுக்கியதாகவும் பின்னாளில் சொல்லி வந்தார். விளம்பரம் அவருக்குக் கைவந்த கலை என்பதையும் நினைவில் வைத்து இந்தக் கதையைக் கேட்க வேண்டும்.

ஊர் திரும்பியவரிடம் பணம் இல்லை. டாக்டர் பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று சிரிப்பூட்டும் வாயுவை மேடையில் முகரக் கொடுத்துக் காசு சேர்த்தார். அந்தக் காசில் கொல்லர்களிடம் ரிவால்வர் மாதிரிகளைச் செய்வித்தார். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய நிறுவனமோ 1842இல் மூடப்பட்டது.

அவரை மீட்டது போர். பேட்டர்சன் ரிவால்வர்களைக் கமாஞ்சி பழங்குடியினருக்கு எதிராகப் பயன்படுத்திய சாமுவேல் வாக்கர், மெக்சிகோ போரின்போது கோல்ட்டை நாடினார். 1847இல் அரசு 1,000 ரிவால்வர்கள் கேட்டது. கோல்ட்டிடம் ஒரு பட்டறைகூட இல்லை. எலை விட்னியின் மகன் தொழிற்சாலையில் செய்துகொடுத்தார். பழங்குடியினரின் நிலம் பறிபோனதில் இந்தக் கருவிக்கும் பங்குண்டு. கண்டுபிடிப்பைப் பாராட்டுவோர் இதை மறைக்கக் கூடாது.

பிறகு ஹார்ட்ஃபர்டில் சொந்தத் தொழிற்சாலை. எலைஷா ரூட் என்ற திறமைசாலி 1849இல் பொறுப்பேற்று, வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து இயந்திரங்களிடம் ஒப்படைத்தார். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் கோல்ட்டின் ரிவால்வர்கள் கூட்டத்தை ஈர்த்தன. 1853இல் தேம்ஸ் நதிக்கரையிலும் தொழிற்சாலை திறந்தார். நீராவிச் சம்மட்டி புகழ் ஜேம்ஸ் நாஸ்மித்தே அதைக் கண்டு வியந்தார். 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்பும் கோல்ட் தம் இயந்திரங்களின் பெருமையைப் பேசினார்.

ஆனால், பழைய கோல்ட் ரிவால்வர் ஒன்றை உற்றுப் பாருங்கள். சட்டகம், குழல், குண்டறை, விசைக்காப்பு எல்லாவற்றிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்துமானால் அந்த எண் எதற்கு? இயந்திரம் கடைந்த பாகங்களை, இரும்பு மென்மையாக இருக்கும்போதே தொழிலாளி அரத்தால் ராவி ஒன்றோடொன்று இணைத்தார். பின்பு கழற்றிக் கடினப்படுத்தினார்கள். சூட்டில் உலோகம் சற்றே கோணும். ஆகவே அதே கூட்டாளிகளை எண் பார்த்து மறுபடியும் சேர்த்தார்கள்.

கோல்ட் 1862 ஜனவரி 10ஆம் தேதி, 47 வயதில் காலமானார். உள்நாட்டுப் போர் வெடிக்கும்வரை தென் மாநிலங்களுக்கும் துப்பாக்கி விற்றவர் அவர். 1864இல் தொழிற்சாலை தீயில் எரிந்தது. மனைவி எலிசபெத் அதை மீண்டும் எழுப்பினார்.

அந்தக் கருமருந்து ரிவால்வர்களின் நகல்கள் 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியின் பிரெஷா வட்டாரத்தில் தயாராகின்றன. வரலாற்று ஆர்வலர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவற்றை வாங்குகிறார்கள். அடிக்கடி உடைவது உள்ளே இருக்கும் தகட்டு ஸ்பிரிங். கவட்டை போல இரண்டு கால்கள் அதற்கு. ஒரு கால் குண்டறையை நிறுத்தும் தாழை அழுத்தும். மற்றது விசையைத் திரும்பத் தள்ளும். ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்வதால் உலோகம் களைத்து, கூர்மையான மூலையில் வெடிப்பு விடும்.

மாற்று ஸ்பிரிங் தேடுபவருக்கு மாடலின் பெயர் மட்டும் போதாது. உபெர்த்தி, பியெத்தா இரு நிறுவனங்களும் 1851 நேவி மாடலை நகல் செய்கின்றன. ஆனால் ஒன்றின் ஸ்பிரிங் மற்றதில் அப்படியே உட்காரும் என்று நம்பி வாங்க முடியாது. தயாரிப்பாளரைப் பார்த்து வாங்கினாலும் சில சமயம் ராவித்தான் பொருத்த வேண்டும். அப்போதும் அரத்தை நீளவாக்கில்தான் ஓட்ட வேண்டும். குறுக்கே விழும் ஒரு கீறல் போதும், புது ஸ்பிரிங்கும் அங்கேயே உடையும்.