ஒரு மாதம் ஆண்ட மருத்துவர்

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் பெரம்பலூர் உழவருக்கும், அரியலூர் சிமெண்ட் ஆலையில் வியர்வை சிந்தும் தோழருக்கும் பிஜித் தீவு எட்டாத தூரம்தான். ஆனால் 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி, ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்ட தமிழர்களும் கரும்புத் தோட்டத்துக்குத்தான் போனார்கள். அங்கே நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடினார். அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் போட்ட ஓட்டு பின்னாளில் துப்பாக்கி முனையில் பறிக்கப்பட்டது. அந்தக் கதை டிமோசி பவத்ராவின் வாழ்க்கையில் அடங்கியிருக்கிறது.

பவத்ரா பிஜியின் பூர்வகுடி. 1934இல், சர்க்கரை ஆலை நகரமான லவுட்டோகாவை அடுத்த விசெய்செய் கிராமத்தில் பிறந்தார். படித்து அரசு மருத்துவரானார். அரசு ஊழியர் சங்கம் அவரைத் தலைவராக்கியது. 1970இல் நாடு விடுதலை பெற்றது முதல் ஆண்டுவந்த கமிசெசே மாராவின் சர்க்கார், 1984இல் கூலி உயர்வுக்குத் தடை போட்டது. தொழிற்சங்கங்கள் கைகட்டி நிற்கவில்லை. 1985 ஜூலையில் தொழிற்கட்சியைத் தொடங்கி, பவத்ராவைத் தலைவராக்கின.

பூர்வகுடித் தொழிலாளியும் இந்திய வம்சாவளித் தொழிலாளியும் ஒரே கொடியின்கீழ் நின்றார்கள். இந்தியர்களின் ஆதரவு பெற்ற தேசியக் கூட்டமைப்புக் கட்சியும் உடன் சேர்ந்தது. 1987 ஏப்ரல் தேர்தலில் 52 இடங்களில் 28 இடங்கள் இந்தக் கூட்டணிக்கு. ஏப்ரல் 13ஆம் நாள் பவத்ரா பிரதமரானார்.

ஒரே மாதம்! மே 14ஆம் நாள் காலை, சபை கூடியிருந்த வேளையில் லெப்டினண்ட் கர்னல் ரபுகாவின் ஆணைப்படி முகமூடி அணிந்த சிப்பாய்கள் உள்ளே புகுந்தார்கள். பிரதமரையும் அவர் கட்சியினரையும் வண்டியேற்றிக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். இதற்கு ராணுவப் புரட்சி என்று பெயர் சொல்கிறார்கள். மக்கள் செய்வதல்லவா புரட்சி? மக்கள் தந்த ஆட்சியைத் திருடுவதற்கு ஏன் அந்தப் பெயர்?

இந்தியர் ஆட்சி வந்துவிட்டது, பூர்வகுடிக்கு ஆபத்து என்றார்கள் சதிகாரர்கள். பிரதமர் நாற்காலியில் இருந்தவரே பூர்வகுடி! நாட்டு நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிகளின் கையில். அதற்கு அரசியல் சட்டமே காவல். பிறகு ஆபத்து யாருக்கு? பதினேழு ஆண்டு பதவி சுகம் கண்டவர்களுக்குத்தான்!

பவத்ரா துவளவில்லை. விடுதலையானதும் ஊர் ஊராகவும் வெளிநாடுகளிலும் நியாயம் கேட்டார். செப்டம்பர் 23இல் மாராவோடு கூட்டாட்சிக்கு உடன்பாடு கண்டார். இரண்டே நாளில், செப்டம்பர் 25இல், ரபுகா மறுபடியும் ஆட்சியைக் கைப்பற்றினார். 1989 நவம்பர் 3ஆம் நாள் புற்றுநோய் பவத்ராவைக் கொண்டுபோயிற்று. வயது 55. அடுத்த ஆண்டு வந்த அரசியல் சட்டம் 70 இடங்களில் 37ஐப் பூர்வகுடிக்கும் 27ஐ இந்தியருக்கும் ஒதுக்கி, பிரதமர் பதவியைப் பூர்வகுடிக்கே என்று பூட்டிவிட்டது. பல்லாயிரம் இந்தியர் தாங்கள் பிறந்த தீவைவிட்டே வெளியேறினர்.

அந்த ரபுகா 2022இல் வாக்குச்சீட்டின் வழியே பிரதமராகி, 2023இல் தம் செயலுக்கு மன்னிப்புக் கேட்டார். முப்பத்தாறு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு! கேட்க பவத்ரா இல்லை.

தோழர்களே, அந்தப் பட்டாளம் ஏறக்குறைய முழுவதும் ஒரே இனத்தவரைக் கொண்டது. துப்பாக்கி அதன் கையில் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு வழி திறந்துவிட்டது தொழிலாளிக்குத் தொழிலாளியைப் பகையாக்கிய பேச்சு. அந்தப் பேச்சு நம் ஊரில் இல்லையா? ஒரே ஷிப்டில் ஒரே புழுதியைச் சுவாசிக்கும் இருவரை, ஆலை வாசலைத் தாண்டியதும் சாதி இரண்டு தெருவுக்கு அனுப்புகிறதே! அந்த இரண்டு தெருவுக்கும் நடுவில்தான் நம் ஓட்டைப் பறிப்பவன் நுழைவான். பவத்ரா கட்டிய ஒற்றுமையை அரியலூரிலும் பெரம்பலூரிலும் நாம் கட்டுவோம். கட்டியதைக் காவலும் காப்போம்.