தொண்டு நெறி நின்ற திரு.வி.க.

சென்னையின் மேற்குப்புறத்தே முத்தாபுதுப்பேட்டை, ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்கள் உள்ளன. அப்பக்கத்தில், போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில், 1883 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26 ஆம் நாள், விருத்தாசலனார்க்கும் சின்னம்மையார்க்கும் மகனாகத் தோன்றியவர் திரு.வி. கலியாணசுந்தரனார். அவ்வூர் இந்நாளில் தண்டலம் என வழங்குகிறது.

இவர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் பயின்றார். இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனல் தகுமோ என்னும் பூசல் நீதிமன்றம் ஏறியபோது, ஆசிரியர் பொருட்டுச் சான்று கூறச் சென்றார்; அதனால் பள்ளித் தேர்வு எழுதும் வாய்ப்பை இழந்தார். சமயப் பூசலால் கல்வி தடையுற்ற அவரே, பின்னாளில் அவ்வடிகளைப் போற்றிச் சமரச சன்மார்க்கத்தைத் தம் நெறியாகக் கொண்டார்.

வெசிலி கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய இவர், 1917 இல் அப்பணியைத் துறந்து, தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். 1920 இல் நவசக்தியைத் தொடங்கினார். தூய தமிழில் அரசியல் பேசவும் எழுதவும் இயலும் என்பதை நாட்டிற்குக் காட்டினார்.

அந்நாளில் பெரம்பூர்ப் பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் சமயக் கழகம் இருந்தது. ஆலைத் தொழிலாளர் பலர் அங்குக் கூடுவர். திரு.வி.க. அவர்களிடையே சமயச் சொற்பொழிவு நிகழ்த்தினார். அவர்தம் துன்பங்களையும் உணர்ந்தார். இறைவனைப் போற்றுவோன் எளியோர் துயரைக் காணாதிருத்தல் பொருந்துமோ? 1918 ஏப்பிரல் 27 இல், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவருள் ஒருவரானார். பக்திப் பேச்சு ஒலித்த இடத்திலேயே உரிமைக் குரலும் பிறந்தது.

1921 இல் ஆலை வேலைநிறுத்தம் மூண்டபோது, ஆளுநர் வில்லிங்டன் இவரை நாடு கடத்துவதாக எச்சரித்தார், இவர் அஞ்சிலர். 1925 இல் காஞ்சிபுரம் காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியபோது, வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்திற்கு இடந்தரவில்லை. ஈ.வெ. இராமசாமி அவ்வியக்கத்தினின்று விலகினார். அம்முடிவு தகுமோ என்னும் வினா இன்றும் உண்டு. எனினும் இருவர் நட்பும் அழியவில்லை.

கடுஞ்சோதனை 1947 இல் வந்தது. இவர் உழைத்து வளர்த்த காங்கிரசின் ஆட்சியே, ஆலை வேலைநிறுத்தத்தின்போது இவரை இல்லத்தில் காவலில் வைத்தது. முதுமையிலும் இவர் தொழிலாளரைக் கைவிட்டிலர். ஆள்வோர் தம்மவர் என்பதற்காக அறத்தை மறந்திலர்.

பதவி நாடாது, பொருள் சேர்க்காது வாழ்ந்த அப்பெரியார், 1953 செப்டம்பர் 17 இல் மறைந்தார். சமயம் அரசியலுக்குள் ஆட்சி செலுத்தப் புகின் பூசல் விளையும். தொண்டு செய்யப் புகின் நாடு நலம் பெறும். இவ்வுண்மையைத் திரு.வி.க.வின் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துகின்றது.