புதுமைப்பித்தனும் காசநோயும்

நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டி கடலூர் சாலையில் நேராகப் போனால் திருப்பாதிரிப்புலியூர். சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் 1906-ல் அங்குதான் பிறந்தார். இயற்பெயர் விருத்தாசலம். திருநெல்வேலியில் பி.ஏ. முடித்து, சென்னையில் 'மணிக்கொடி', 'தினமணி' என்று எழுதிப் பிழைத்தார். கையில் காசு தங்கவில்லை. நாற்பதுகளில் சினிமாவுக்கு எழுதப் போனார். 'ராஜமுக்தி' பட வேலையாகப் புனேயில் இருந்தபோது காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1948-ல் மனைவி கமலாவின் ஊரான திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42.

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மருந்து 1943-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஏழை எழுத்தாளருக்கு அது எட்டாக்கனி. ஐசோனியசிட் மாத்திரை வந்தது 1952-ல். வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் போதும். இருந்தும் உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கோரிமேடு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போய்ச் சளியைப் பரிசோதியுங்கள். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நம் குடியிருப்பில் யாருக்காவது இந்நோய் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். வெட்கத்தில் மறைத்தால்தான் நோய் பரவும்.